வாக்களிப்பது வெளிச்சத்திலே, எண்ணுவது இருட்டிலே!



தேர்தல் என்றதும் நமது மனக்கண் முன் தோன்றுவது கொடியும் தோரணமும், ஊர்வலமும் முழக்கமும், சுவரொட்டியும் மேடையும்தான். இவை தேவை, மறுப்பார் இல்லை. ஆயினும் ஒலிபெருக்கி ஓய்ந்து, தோரணம் காற்றிலே கிழிந்து, ஊர் உறங்கச் சென்ற பிறகு, எங்கோ ஓர் அறையிலே, ஒரு பெட்டியின் முன்னே சிலர் அமர்ந்து வாக்குச் சீட்டுகளைப் பிரித்து எண்ணுகிறார்களே, அந்த வேளையிலேதான் நாட்டின் தலைவிதி எழுதப்படுகிறது. அந்த அறையின் கதவு திறந்திருந்ததா, மூடியிருந்ததா? எண்ணுகிறவரின் தோளுக்குப் பின்னே நின்று பார்க்கும் உரிமை மாற்றுக் கட்சியானுக்கு இருந்ததா, இல்லையா? இந்தக் கேள்வியைக் கையிலே வைத்துக்கொண்டு, துருக்கி நாட்டின் வரலாற்றிலே ஒரு நாலாண்டுக் காலத்தை உங்கள் முன் விரித்துவைக்க விரும்புகிறேன். 1946-ஆம் ஆண்டு தொடங்கி 1950 வரையிலான காலம் அது.

துருக்கி நமக்கு அறிமுகமற்ற நாடன்று. கமால் பாட்சாவின் பெயர் ஒரு காலத்திலே தமிழ் மேடைகளிலும் ஏடுகளிலும் அடிக்கடி ஒலித்த பெயர். 1923-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் குடியரசு அறிவிக்கப்பட்டது. சுல்தானின் அரியணை சரிந்தது. புதிய எழுத்து வந்தது. புதிய சட்டங்கள் வந்தன. 1934-இல் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமை பெற்றனர். இந்தச் சாதனைகளைச் சிறியவை என்று எவரும் சொல்லார்.

ஆனால், தோழர்களே, அத்தனையையும் செய்தது ஒரே கட்சி. குடியரசு மக்கள் கட்சி என்பது அதன் பெயர். தேர்தல் நடக்கும்; தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் வேறு எவரும் இருக்கமாட்டார். குடிமக்கள் நேரடியாக உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. அவர்கள் இடைநிலை வாக்காளரைத் தேர்ந்தெடுப்பர். அந்த இடைநிலை வாக்காளர், கட்சித் தலைமை அனுப்பிய பெயர்ப் பட்டியலுக்குத் தலையசைப்பர். 1936-இல் இதற்கும் ஒரு படி மேலே சென்றனர். உள்துறை அமைச்சரே கட்சியின் பொதுச் செயலாளர். மாகாண ஆளுநரே அந்த மாகாணக் கட்சியின் தலைவர்! வரி கேட்க வருபவரும் அவர், வாக்குக் கேட்க வருபவரும் அவர். 1939-இல் இந்த ஏற்பாடு நீக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் ஏட்டிலே நீங்கியது, பழக்கத்திலே அவ்வளவு விரைவில் நீங்குமோ?

மாற்றுக் கட்சிக்கு இருமுறை வாய்ப்புத் தோன்றி, இருமுறையும் மறைந்தது. 1924 நவம்பரில் பிறந்த முற்போக்குக் குடியரசுக் கட்சி, மறு ஆண்டு சூன் திங்களில் மூடப்பட்டது. 1930 ஆகஸ்டில், கமால் பாட்சாவின் இசைவோடேயே, ஃபெத்தி ஓக்யார் ஒரு கட்சி கண்டார். இஸ்மிர் நகரிலே அவரைக் காணத் திரண்ட மக்கள் வெள்ளத்தைக் கண்டு ஆளவந்தார் திகைத்தனர். நவம்பரிலே அந்தக் கட்சி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. மூன்று திங்கள் வாழ்வு!

அடக்கிய மூச்சு

1938-இல் அட்டாதுர்க் மறைந்தார். இஸ்மத் இனோனு குடியரசுத் தலைவரானார். "தேசியத் தலைவர்" என்று அவரை அழைத்தனர். கட்சியிலே "மாற்றமிலாத் தலைவர்" என்ற பட்டமும் சூட்டினர். பிறகு உலகப் போர் வந்தது. கடைசிக் கட்டம் வரை துருக்கி போரிலே இறங்கவில்லை. இறங்காவிட்டாலும், போரின் சுமை ஏழையின் முதுகிலே ஏறியது. உழவன் மகன் படைக்குச் சென்றான். விளைச்சலில் ஒரு பங்கு வரியாகச் சென்றது. ரொட்டிக்குப் பங்கீடு வந்தது. 1942-இல் விதிக்கப்பட்ட சொத்து வரி, சிறுபான்மை மக்களை நசுக்கியது. அந்தக் காலத்திலே ஏடுகளுக்கு வாய்ப்பூட்டு; ஆகவே குமுறல் வெளியே கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காகக் குமுறல் இல்லை என்று ஆகிவிடுமா?

1945-ஆம் ஆண்டிலே உலகக் காற்று திசை மாறிற்று. இட்லரும் முசோலினியும் வீழ்ந்தனர். சான் பிரான்சிஸ்கோவில் உருவான ஐக்கிய நாடுகள் சாசனத்திலே துருக்கியும் கையொப்பமிட்டது. வடக்கே சோவியத் நாட்டுடன் பூசல் முற்றியது. மேற்கு நாடுகளின் நட்பு தேவைப்பட்டது. வெளிக் காற்றுக்கு ஏற்பவோ, உள்ளக் கருத்துக்கு ஏற்பவோ, அந்த மே திங்களில் இனோனு, மக்களாட்சி நெறி வளரும் என்று பேசினார்.

சூன் 7-ஆம் நாள் ஆளுங்கட்சியின் நாடாளுமன்றக் குழுவிடம் ஒரு முறையீடு வந்தது. அரசியல் சட்டம் தந்த உரிமைகளை நடைமுறையிலே தாருங்கள் என்பதே அதன் சாரம். கையொப்பமிட்டோர் நால்வர்: செலால் பாயார், அத்னான் மெண்டரெஸ், ஃபுவாத் கோப்ருலு, ரெஃபிக் கொரால்தான். இந்த நால்வரும் புழுதிக் காலோடு வயலிலிருந்து வந்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பாயார் முன்னாள் தலைமை அமைச்சர், மெண்டரெஸ் பெருநிலக்கிழார், அந்த ஆண்டு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்தவர், கோப்ருலு பேரறிஞர். ஆளும் மாளிகையின் உள்ளறையிலிருந்தே வெளியே வந்தவர்கள். முறையீடு தள்ளப்பட்டது, சிலர் நீக்கப்பட்டனர், பாயார் விலகினார். 1946 சனவரி 7-ஆம் நாள் ஜனநாயகக் கட்சி பிறந்தது.

முந்திக்கொண்ட தேர்தல்

கட்சி பிறந்தது, கிளைகள் முளைத்தன. பாயாரோ பழைய நண்பர், பட்டறிவு மிக்கவர். அளவோடு எதிர்ப்பார், அளவோடு நிற்பார் என்று ஆளுங்கட்சி கருதியது. ஆனால் பட்டி தொட்டியெல்லாம் மக்கள் அந்தப் புதிய கட்சியின் வாயிலிலே வந்து நின்றபோது, கணக்கு மாறிற்று. இவர்களுக்குக் காலம் கொடுத்தால் காலூன்றிவிடுவார்கள். காலூன்றுமுன் களத்துக்கு இழுத்துவிட வேண்டும்! செப்டம்பரில் நடக்கவேண்டிய நகராட்சித் தேர்தலை மே திங்களுக்கு முன்தள்ளினர். 1947-இல் வரவேண்டிய பொதுத் தேர்தலை 1946 சூலை 21-ஆம் நாளுக்குக் கொண்டுவந்தனர். சனவரி 7 முதல் சூலை 21 வரை எத்தனை நாள்? 195 நாட்கள்! இருபது ஆண்டுக்கு மேல் ஆண்ட கட்சியும், இருநூறு நாள் நிரம்பாத கட்சியும் ஒரே களத்திலே!

இங்கேதான், தோழர்களே, எந்த எதிர்க்கட்சிக்கும் வரக்கூடிய அந்தக் கடினமான கேள்வி எழுந்தது. நேர்மையற்ற போட்டியிலே நிற்பதா, விலகுவதா? நின்றால், தோற்பது உறுதி, தோற்றபின், "பார், மக்கள் எங்களோடு இருக்கிறார்கள், எதிர்க்கட்சியும் போட்டியிட்டது" என்று ஆளுங்கட்சி உலகத்துக்குக் காட்டும். விலகினால், களம் முழுவதும் அவர்களுடையது. "இவர்களுக்கு அஞ்சாமை இல்லை" என்ற ஏச்சும் வரும். ஜனநாயகக் கட்சி மே திங்கள் நகராட்சித் தேர்தலைப் புறக்கணித்தது. சூலையிலே நாடாளுமன்றத் தேர்தலில் நின்றது. எல்லா இடங்களுக்கும் வேட்பாளரை நிறுத்தும் வலிவு அதற்கு இல்லை, இருந்தும் நின்றது.

இந்த இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை என்று சிலர் கூறினர். எண்ணிப் பாருங்கள். நகராட்சித் தேர்தலை விலக்கியதால், முன்தள்ளப்பட்ட தேர்தல் முறையற்றது என்ற செய்தி நாட்டுக்கு எட்டியது. நாடாளுமன்றத் தேர்தலில் நின்றதால், அந்த முறைகேட்டின் சாட்சிகளாக ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊர்தோறும் வாக்குச் சாவடியிலே நின்றனர். சாவடிக்குச் செல்லாதவன் அங்கே நடந்ததைப் பற்றிச் சாட்சி சொல்ல முடியாது.

நடந்தது என்ன? சூன் 5-ஆம் நாள் வந்த புதிய சட்டத்திலே ஒரு நன்மை இருந்தது: இடைநிலை வாக்காளர் ஒழிந்தார், குடிமகன் நேரடியாக வாக்களிக்கலாம். அந்த நன்மையின் அடியிலேயே நஞ்சும் இருந்தது. வாக்களிப்பது திறந்த முறையிலே, எண்ணுவதோ மறைவிலே! அதிகாரியின் பார்வைக்கு முன்னே நின்று உழவன் தன் வாக்கைப் போட வேண்டும். அந்த வாக்கை எண்ணும்போது அந்த உழவனின் கட்சியான் உடனிருக்க முடியாது. எண்ணி முடித்தபின் சீட்டுகள் அழிக்கப்படும். மறு எண்ணிக்கை கேட்டால், எதை எண்ணுவது, சாம்பலையா?

முடிவு வந்தது. மொத்தம் 465 இடம். ஆளுங்கட்சிக்கு ஏறத்தாழ 395. ஜனநாயகக் கட்சிக்கு அறுபதுக்குச் சற்று மேல். மிகுதி, கட்சி சாராதார். இஸ்தான்புல் பெருநகரம் எதிர்க்கட்சியின் பக்கம் நின்றது. விடுதலைப் போர்க்காலத்து மார்ஷல் ஃபெவ்சி சக்மாக் அங்கே எதிர்க்கட்சிப் பட்டியலிலே நின்று வென்றார். சிற்றூர்களிலோ, ஊர்க் காவலரும் அதிகாரியும் சூழ்ந்திருந்த இடங்களிலே, பெட்டி வேறு பாட்டுப் பாடியது. முறைகேடு என்று எதிர்க்கட்சி முழங்கிற்று. இஸ்தான்புலிலே இராணுவச் சட்டம் நடப்பில் இருந்தது. தேர்தல் முடிவை ஐயுற்று எழுதுவது தடுக்கப்பட்டது. அந்தத் தேர்தலிலே உண்மையில் எத்தனை வாக்கு யாருக்கு விழுந்தது என்பதை இன்று எந்த வரலாற்றாசிரியராலும் கணக்கிட்டுச் சொல்ல இயலாது. சீட்டு இல்லை, சான்று இல்லை. எரித்தவர்களின் நோக்கமும் அதுதானே!

நாலாண்டுப் போர்

தோற்ற கட்சி என்ன செய்தது? இதுதான் நாம் கற்கவேண்டிய பகுதி. கல்லெறியவில்லை, கலைந்து ஓடவுமில்லை. அறுபது பேரைக்கொண்டு மன்றத்திலே பேசிற்று. 1946 டிசம்பரில், தலைமை அமைச்சர் ரெசெப் பெக்கர், மெண்டரெசை மனநோயாளி போல் இகழ்ந்தபோது, மன்றத்தை விட்டு வெளியேறிற்று. நாட்டின் கண்கள் திரும்பியதும் மீண்டும் உள்ளே சென்றது. 1947 சனவரியில் முதல் மாநாடு கூட்டி மூன்று கோரிக்கைகளை வைத்தது. அரசியல் சட்டத்துக்கு முரணான சட்டங்கள் நீங்கவேண்டும். தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு நீதித்துறையின் கண்காணிப்பு வரவேண்டும். நாட்டின் தலைவர், கட்சியின் தலைவராக இருத்தலாகாது. மூன்றே கோரிக்கை. எழுதப் படிக்கத் தெரியாத உழவனும் விரல் மடக்கி ஒப்பிக்கக்கூடிய மூன்று.

தலைவர்கள் மாநாட்டிலே பேசியதை, தொண்டர்கள் சிற்றூரிலே செய்து காட்டினர். அதே 1947-இல், தெற்கே மெர்சின் பகுதியிலே அர்ஸ்லான்கோய் என்ற மலைச் சிற்றூர். ஊர்த் தலைவர் தேர்தல். நாடாளுமன்றத் தேர்தலுமன்று, நகராட்சித் தேர்தலுமன்று. பெட்டியை எடுத்துச் செல்ல முனைந்தனர், ஊரார் விடவில்லை. பெண்கள் முன்னே நின்றனர். வழக்குத் தொடரப்பட்டது, சிறை கண்டனர், இறுதியிலே விடுதலை பெற்றனர். அந்தப் பெண்கள் அங்காராவைப் பார்த்திருக்க மாட்டார்கள். அரசியல் நூல்களைப் படித்திருக்க மாட்டார்கள். பெட்டி போனால் ஊரின் சொல் போயிற்று என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது போதாதா?

1947 சூலை 12-ஆம் நாள் இனோனு ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டிடமும் குடியரசுத் தலைவர் என்ற முறையிலே தமக்குச் சமமான கடமை உண்டென்றார். கடுமையே கொள்கையாகக் கொண்ட பெக்கர் செப்டம்பரில் பதவி விலகினார். உடனே எதிர்க்கட்சிக்குள்ளே வேறொரு தொல்லை! "ஆளவந்தாரோடு நீங்கள் மென்மையாகப் போகிறீர்கள்" என்று குறை கூறிய ஒரு சாரார் பிரிந்து, 1948-இல் தேசியக் கட்சி கண்டனர். பொறுத்தால் கோழை என்பார். சீறினால் கலகக்காரர் என்பார். இந்த இரு பழிக்கும் நடுவே ஜனநாயகக் கட்சி தேர்தல் சட்டம் என்ற ஒரே புள்ளியிலே பிடி விடாமல் நின்றது.

1950 பிப்ரவரி 16-ஆம் நாள் புதிய தேர்தல் சட்டம் நிறைவேறியது. வாக்களிப்பது மறைவிலே, எண்ணுவது வெளிப்படையிலே. மேற்பார்வை நீதிபதிகளிடம், அவர்களுக்கு மேலே ஓர் உயர் தேர்தல் மன்றம். இரண்டு சொற்கள் இடம் மாறின, தோழர்களே! திறந்திருந்தது மூடியது, மூடியிருந்தது திறந்தது. மே 14-ஆம் நாள் மக்கள் சாவடிக்குச் சென்றனர். நூற்றுக்கு 89 பேர் வாக்களித்தனர். "போதும்! இனிச் சொல் நாட்டு மக்களுடையது" என்ற பொருள்பட எழுதி, உயர்த்திய கை ஒன்றை வரைந்த சுவரொட்டியை ஜனநாயகக் கட்சி எங்கும் ஒட்டியிருந்தது. அந்தக் கட்சிக்கு நூற்றுக்கு 53 வாக்கு. மொத்தம் 487 இடங்களில் 400-க்கு மேல் கிடைத்தன. ஆண்ட கட்சிக்கு நூற்றுக்கு 40 அளவு வாக்கு, 69 இடம்.

இனோனு இறங்கினார். பொய்க் கணக்கு எழுதவில்லை; எதிர்க்கட்சித் தலைவர் இருக்கையிலே சென்று அமர்ந்தார். 1946-இன் முறைகேட்டுக்கு அவரது ஆட்சி பொறுப்பு. 1950-இன் நேர்மைக்கும் அவரது ஆட்சிக்குப் பங்குண்டு. மாற்றாரிடத்து உள்ள நன்மையை மறைப்பது அரசியல் நாகரிகமாகாது.

வென்றபின் வரும் சோதனை

கதை இங்கே முடிந்திருந்தால் இனிக்கும். முடியவில்லை. 53 வாக்குக்கு ஆறில் ஐந்து பங்கு இடம், 40 வாக்குக்கு ஏழில் ஒரு பங்கு இடம். இந்த விந்தை எப்படி நேர்ந்தது? மாகாணம் முழுவதும் ஒரே தொகுதி. அங்கே முந்திய கட்சிக்குப் பட்டியல் முழுவதும் சொந்தம் என்ற முறையால் நேர்ந்தது. தங்களுக்கே அது பயன்படும் என்று பழைய ஆளுங்கட்சி அதை மாற்றாது விட்டிருந்தது. தான் தீட்டிய வாள் தன் கழுத்துக்கே வந்தது. அந்த வாளை இப்போது கையில் ஏந்தியவர்கள், உறையிலே போட்டார்களா?

இல்லை. 1953-இல் எதிர்க்கட்சியின் சொத்துகளைப் பறிக்கச் சட்டம் செய்தனர். 1954-இல் கிர்ஷெஹிர் என்ற மாகாணம், எதிர்க்கட்சித் தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது என்ற குற்றத்துக்காக, மாகாணம் என்ற தகுதியையே இழந்தது! வாக்களித்ததற்காக ஒரு மாகாணத்துக்குத் தண்டனை! 1957-இல் எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடிப் பட்டியல் நிறுத்துவதைச் சட்டத்தால் தடுத்தனர். மறு ஆண்டு வரவேண்டிய தேர்தலை அந்த அக்டோபருக்கே முன்தள்ளினர். நினைவிருக்கிறதா? 195 நாள் குழந்தையாக அவர்கள் இருந்தபோது எந்தத் தந்திரத்தைக் கண்டித்தார்களோ, அதே தந்திரம்! நூற்றுக்கு 48 வாக்கு. 610 இடத்திலே 424 அவர்களுக்கு. வாக்கு குறைந்தது, இடம் குவிந்தது, செருக்கு வளர்ந்தது. 1960 ஏப்ரலில், எதிர்க்கட்சியையும் ஏடுகளையும் துருவி ஆராய, பேரதிகாரம் படைத்த ஒரு குழுவை மன்றத்திலே அமைத்தனர். மே 27-ஆம் நாள் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1961 செப்டம்பர் 17-ஆம் நாள் மெண்டரெஸ் தூக்கிலிடப்பட்டார்.

அந்தத் தூக்குமரத்தை நான் போற்றவில்லை. துப்பாக்கியால் வந்த தீர்ப்பு, மக்கள் தீர்ப்பாகாது. அதனால் விளைந்த தீமையைத் துருக்கி மக்கள் 1971-இலும் 1980-இலும் மீண்டும் இராணுவத் தலையீடாக அனுபவித்தனர். நான் கேட்பது வேறு. பெட்டியைக் காத்து ஆட்சிக்கு வந்தவர்கள், வந்தபின் அந்தப் பெட்டியைத் தமக்கு மட்டும் உரியதாக எண்ணினார்களே, ஏன்? தாங்கள் வென்றதே நேர்மைக்குச் சான்று என்று நம்பிவிட்டனர். 1946-இலே அவர்கள் கேட்டது நேர்மையான முறை. 1950-க்குப் பிறகு அவர்கள் காத்தது தங்கள் வெற்றியை. முறையைக் காப்பவன் தோல்வியையும் ஏற்க அணியமாக இருக்கவேண்டும். வெற்றியை மட்டும் காப்பவன், ஒருநாள் முறையையே பகைவனாகக் காண்பான்.

நமது வேலை

ஆகவே, தோழர்களே, உங்களிடம் மூன்று சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, களம் நேர்மையற்றது என்பதற்காகக் களத்தை விட்டு ஓடவேண்டா. நிற்கும் இடத்திலே நில்லுங்கள். விலகும் இடத்திலே காரணத்தை ஊரறியச் சொல்லி விலகுங்கள். தோல்வியிலும் சாட்சி சேரும். சேர்ந்த சாட்சி ஒருநாள் சட்டமாகும். துருக்கியிலே அதற்கு நாலாண்டு ஆயிற்று.

இரண்டாவது, மேடையிலே பேச வல்லவரைத் தேடுவது போல, சாவடியிலே அமர வல்லவரையும் தேடுங்கள். காலையிலே மாதிரி வாக்குப் பதிவின்போது உடனிருப்பவர், மாலை வரை இடம் பெயராதவர், பதிவான வாக்குகளின் கணக்கு எழுதிய 17சி படிவத்தின் படியைக் கையெழுத்தோடு பெற்றுப் பத்திரப்படுத்துபவர், எண்ணும் நாளிலே அந்தக் கணக்கோடு கணக்கை ஒத்துப் பார்ப்பவர். இவருக்கு மாலை விழாது, ஏட்டிலே படம் வராது. அர்ஸ்லான்கோய்ப் பெண்களுக்கும் மாலை விழவில்லை. ஆனால் இவர் அயர்ந்து உறங்கினால், நாம் பேசிய பேச்சு அத்தனையும் காற்றோடு போகும்.

மூன்றாவது, வெற்றி வரும் நாளிலே, தோற்றவரின் முகவர் எண்ணும் மேசைக்கு எதிரே அமர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். அவர் கேட்கும் ஐயத்துக்கு விடை கிடைக்கிறதா என்று பாருங்கள். அவருக்கு நாற்காலி இல்லையென்றால் நீங்களே எடுத்துப் போடுங்கள். இன்று அவர் அமரும் நாற்காலி, நாளை உங்களுக்குத் தேவைப்படும்.